மஜீத் பாயின் குறை அட்டை

என் வீட்டுக்காரருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. முப்பத்திரண்டு வருடமாக கிட்டார் வாங்கி விற்கிறார். செருப்புக் கடைக்காரன் எல்லாச் செருப்பையும் மாட்டிக்கொண்டா நடக்கிறான் என்று கேட்பார்.

ஈ மேஜர் என்று ஒரே ஒரு பிடி மட்டும் தெரியும். மூன்று விரலை ஓரிடத்தில் அழுத்தி ஆறு கம்பியையும் ஒரே இழுப்பாக இழுப்பார். இழுத்துவிட்டு, "டெஸ்டிங்" என்பார். பள்ளிவாசல் பக்கம் யாராவது, "என்னா மஜீது, இந்த வயசுல பாட்டும் கூத்துமா?" என்று ஆரம்பித்தால், "நான் எங்கண்ணே வாசிக்கிறேன், விக்கிறேன்" என்று வாயை அடைத்துவிடுவார். நல்ல பதில்தான். அதைப் பத்தாயிரம் தடவை கேட்டவள் நான், கனீஸ் பாத்திமா.

முல்லா வீதியில் எங்கள் வீடு. முன் அறையில் பதினேழு கிட்டார், ஒன்பது ஆம்ப். ஆம்ப் என்றால் கிட்டாரின் சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி. விருந்தாளி வந்தால் நின்றபடியே பேசிவிட்டுப் போக வேண்டும். விருந்தாளிகள் குறைந்துபோனார்கள். அந்த வகையில் இந்த வியாபாரத்தால் எனக்கும் லாபம் உண்டு.

சரக்கு வருவது ஊரை விட்டுப் போகிறவர்களிடமிருந்து. விசா முடிந்த வெள்ளைக்காரர்கள் முதலில் சைக்கிளை விற்பார்கள், பிறகு ஃப்ரிட்ஜை, கடைசியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டாரை. அந்தக் கடைசிக் கட்டத்தில் இவர் போய் வாசலில் நிற்பார். வாங்கி வந்தால் கடல்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், ஈரத்தில் மரம் வளையும். ஈரத்தை இழுக்க ஒவ்வொரு கிட்டார் பெட்டிக்குள்ளும் ஒரு துணிப்பையில் அரைப்படி பச்சரிசி வைப்பார். அரிசி என் சமையலறையில் இருந்து போகும். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வரும். அந்த அரிசியில் நான் இடியாப்பம் செய்ததே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆம்பிலும் வால்வு ஆம்ப் தனி ரகம். பழைய ரேடியோக்களில் இருந்த அதே கண்ணாடி வால்வுகள் அதற்குள் இருக்கும். சுவிட்சைப் போட்டதும் பேசாது. அரை நிமிடம் சூடேறினால்தான் வாய் திறக்கும். குலுக்கக் கூடாது, இடிக்கக் கூடாது, சரியான கரண்ட் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, எதற்கு முகம் சுளிக்கும் என்று சொல்ல முடியாது.

அதனால் இவர் எந்த ஆம்பையும் பார்சலில் போட மாட்டார். விற்றதைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். முதலில் வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். பழைய கைலித் துணியில் சுற்றி முட்டை ட்ரேயின் குழிகளில் உட்கார வைப்பார். ட்ரே மடியில் வரும். ஆம்ப் பக்கத்து சீட்டில் வரும், டிக்கெட் எடுத்துக்கொண்டு. "பொட்டிக்கு டிக்கெட் எடுக்குற ஒரே மனுசன் இந்த உலகத்துலயே நீங்கதான்" என்று நான் சொல்லாத பயணம் இல்லை. பெங்களூர் பஸ்ஸில் பெயர், வயது கேட்பார்கள் அல்லவா, அதற்கு என் தம்பி ஷஃபீக்கின் பெயரைக் கொடுத்துவிடுவார். விழுப்புரம் தாண்டாத என் தம்பி, பஸ் கம்பெனிக் கணக்குப்படி பதினோரு முறை பெங்களூர் போயிருக்கிறான்.

இனி அட்டை. தொழில் தொடங்கிய முதல் வருடம் ஒரு வெளிநாட்டு ஆம்பை ஒரு மாதா கோயில் பாட்டுக்குழுவுக்கு விற்றார். அது நூற்றுப்பத்து வோல்ட் பெட்டி. நம் ஊர் கரண்ட் அதற்கு இரண்டு மடங்கு. நடுவில் கரண்டைக் குறைக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். இவருக்குத் தெரியும். சொன்னால் எங்கே வாங்காமல் போய்விடுவார்களோ என்று, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என விட்டுவிட்டார். கிறிஸ்துமஸ் ஒத்திகையில் பெட்டியிலிருந்து குபுகுபுவென்று புகை. சாம்பிராணி என்று நினைத்துப் பிள்ளைகள் இன்னும் பக்தியாகப் பாடியிருக்கிறார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. எந்தப் பொருளாக இருந்தாலும் விலை பேசுவதற்கு முன் அதன் குறைகளைச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் மறந்துபோகும் என்று ஒரு அட்டையில் எழுதி கைப்பிடியில் நூலால் கட்டுவார். அவர் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும். ஆகவே அவர் சொல்வார், நான் எழுதுவேன். "கழுத்து லேசா வளைவு. மூணாவது கம்பியில சுதி நிக்காது. முன்னாடி வெச்சிருந்தவங்க பூனை வளத்தாங்க." இப்படி.

குறையை எழுதிக் கட்டினால் எவன் வாங்குவான் என்று நான் நினைத்தேன். வாங்கினார்கள். சென்னையிலிருந்தெல்லாம் வந்தார்கள். "மஜீத் பாய் அட்டை இருந்தா கண்ண மூடிக்கினு வாங்கலாம்" என்று பேச்சாயிற்று. எங்களுக்கு நிலம் நீச்சு கிடையாது, நகை நட்டும் சொல்லும்படி இல்லை. அந்த அட்டைதான் அவருடைய சொத்து.

அதில்தான் கை வைத்தார்.

லபோர்த் வீதியில் தொமினிக் என்று ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே அப்படித்தான் சொல்லுவோம். வரும்போது அங்கே வாங்கிய ஒரு வால்வு ஆம்பையும் கொண்டுவந்தார். முகப்பில் பச்சைத் துணி, ஓரத்தில் சின்னச் சிவப்பு விளக்கு. வெளியில் எங்கேயும் வாசிக்க மாட்டார். சாயங்காலம் வீட்டுக்குள் மனைவிக்கு மட்டும் வாசிப்பார். அவர் இறந்தபின் அந்த அம்மா, மதலேன், மகள் விர்ஜினியோடு இருக்க பிரான்சுக்குக் கிளம்பினார். கிளம்புவதற்கு முதல் நாள் எங்களைக் கூப்பிட்டு ஆம்பை ஒப்படைத்தார்.

"காசு எவ்ளோ வந்தாலும் சரி பாய். வாசிக்கிறவங்க கையில குடுங்க. அது சும்மா மட்டும் கெடக்கக் கூடாது. யாரு வாசிக்கிறாங்கன்னு எனக்கு ஒரு வார்த்த சொல்லிடுங்க, போதும்."

"ஆவட்டும் மதாம்" என்றார் இவர்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து துடைத்தார். வால்வுகளைப் பொருத்தினார். சுவிட்சைப் போட்டார். அரை நிமிடம் கழித்து ஒரு ஈ மேஜர் இழுத்தார். நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. முப்பது வருடமாகக் கேட்ட அதே டெஸ்டிங்தான், ஆனால் இது வேறு. அறை முழுக்கச் சூடாக எதையோ ஊற்றின மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தேன். கிட்டாரைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"அட்டை எழுதணுமா?" என்று கேட்டேன்.

"எழுத ஒண்ணும் இல்ல" என்றார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து டெஸ்டிங். ஒரு மணி நேரம். ஒரே ஈ மேஜர். நன்றாக இருக்கும் பெட்டியை எதற்கு தினம் டெஸ்ட் செய்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவார் என்று பயம்.

மூன்றாம் வாரம் ஃப்ரெடெரிக் வந்தார். கனகசெட்டிக்குளத்தில் வீடு. ஓட்டல்களிலும் கல்யாணங்களிலும் கிட்டார் வாசித்துக் குடும்பம் நடத்துகிறவர். வாசிப்பவன் என்றால் அவன்தான் வாசிப்பவன். பச்சைத் துணி ஆம்பைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இத வாங்கிக்கலாம்னு வந்தேன் பாய். அட்டை எங்க?"

"ஒரு நிமிசம்" என்று இவர் அடுப்படிக்கு வந்தார். அட்டையையும் பேனாவையும் என் கையில் கொடுத்தார். குரலைத் தாழ்த்தி, "எழுது. டிரான்ஸ்ஃபார்மர் உறுமும்" என்றார்.

"எங்க உறுமுது?"

"எழுதுன்னா எழுது. சத்தத்துல பிசிறு இருக்கு. ஸ்பீக்கர் கிழிஞ்சு ஒட்டுப்போட்டது."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அரிசி டப்பாவைப் பார்த்தார். ஐம்பத்தொன்பது வயது. வந்ததையெல்லாம் விற்ற மனிதர். நாங்கள் படுத்த கட்டிலைக்கூட ஒரு வெள்ளைக்காரி ஆசையாகப் பார்த்தாள் என்று விற்றுவிட்டு, பாயில் படுத்தால் முதுகுக்கு நல்லது என்றவர். இது எனக்கு இருக்கட்டும் என்று அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. எழுதிவிட்டேன். என் கையெழுத்து ரொம்ப அழகாக இருக்கும். அன்று இன்னும் கொஞ்சம் அழகாகவே வந்தது.

ஃப்ரெடெரிக் அட்டையைப் படித்தார். போட்டுக் காட்டுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. "பாய் எழுதுனா எழுதுனதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டு மாதம் கழித்து மறுபடியும் வந்து, "ரிப்பேர் பண்ணிட்டீங்களா பாய்?" என்று கேட்டார். "இல்லப்பா, அது ஆவற கேசு இல்ல" என்றார் இவர். நடுவில் சென்னைக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். எல்லோரும் படித்தார்கள், போனார்கள்.

மதலேன் அம்மா மாதம் ஒருமுறை பிரான்சிலிருந்து கூப்பிடுவார். "வித்துச்சா பாய்? யாராவது வாசிக்கிறாங்களா?"

"இன்னும் இல்ல மதாம். பாத்துக்கினு இருக்கேன்."

போனை வைத்துவிட்டுத் தொழப் போவார். தொழுதுவிட்டு வந்து டெஸ்டிங். ஏறக்குறைய இரண்டு வருடம் இப்படி ஓடியது. ஒருநாள் நான் பொறுக்காமல், "அந்தம்மாகிட்ட நேரா சொல்லி நீங்களே எடுத்துக்கினா என்னா?" என்றேன்.

"வாசிக்கிறவனுக்குக் குடுன்னாங்க. நான் வாசிக்கிறவனா?"

"அப்ப தெனமும் பண்றது என்னாவாம்?"

"டெஸ்டிங்" என்றார். அதற்குமேல் அந்த மனிதரோடு பேச முடியாது.

போன ஜனவரியில் மதலேன் அம்மா வந்தார். கணவருடைய இரண்டாம் வருடப் பூசைக்கு. பூசை முடித்து, சொல்லாமல் கொள்ளாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒரு ஆம்பைத் தூக்கி வெளியே வைத்து, இடம் செய்து நாற்காலி போட்டேன். அவர் உட்காரவில்லை. நேராகப் பச்சைத் துணிப் பெட்டியிடம் போனார். மேலே தடவினார். கைப்பிடியில் அட்டை தொங்கியது. பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். சத்தத்தில் பிசிறு. ஸ்பீக்கர் கிழிந்து ஒட்டுப்போட்டது."

இவர் கிட்டார்களுக்கு நடுவில் ஒரு கிட்டார் மாதிரி நின்றார். நான் காப்பி போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றேன்.

மதலேன் அம்மா இப்போது நாற்காலியில் உட்கார்ந்தார். அட்டை கையிலேயே இருந்தது.

"இருவத்தாறு வருசம் பக்கத்துல உக்காந்து கேட்டேன் பாய்" என்றார். "எனக்கு ஒண்ணுமே தெரியலியே. தெனமும் வாசிச்சிட்டு, எப்படி இருக்குது மதலேன்னு கேப்பாரு. நல்லாருக்குது, நல்லாருக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தேன். பாவம், ஒடஞ்சத வெச்சுக்கினு வாசிச்சிருக்காரு. என் காதுதான் சரியில்ல போல."

யா அல்லாஹ், நாங்கள் என்ன எழுதினோம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு பெட்டிக்குக் குறை எழுதினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா தன் காதை நம்பவில்லை. இருபத்தாறு வருடம் கேட்டதை நம்பவில்லை. மஜீத் பாய் அட்டையை நம்பினார். என் கையெழுத்தை நம்பினார்.

இவர் போய் சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. வால்வு சூடேற அரை நிமிடம் ஆகும் என்றேனே, அந்த அரை நிமிடத்தை அன்றைக்கு யாரோ பிடித்து இழுத்து நீட்டிவிட்டார்கள். பாதியில் இவர் சொன்னார்.

"அட்டை பொய் மதாம்."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. "என்னா சொல்றீங்க?"

"பொட்டியில ஒரு கொறையும் இல்ல. விக்க மனசு வரல. வர்றவங்கள வெரட்டத்தான் பொய் எழுதச் சொன்னேன். உங்க காதுல ஒண்ணும் இல்ல. அவரு நல்லாத்தான் வாசிச்சாரு."

கிட்டாரை எடுத்தார். மூன்று விரலை அழுத்தி ஒரு இழுப்பு. உறுமல் இல்லை, பிசிறு இல்லை. அது மெல்ல மெல்லக் கரைந்து அடங்கும்வரை மதலேன் அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

திறந்து, "அவ்ளோதானா?" என்றார்.

"எனக்கு அவ்ளோதான் தெரியும்."

"அவருக்கு மூணு தெரியும்" என்றார் மதலேன் அம்மா.

சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "மாசா மாசம் போன் பண்ணேனே பாய். எனக்கு வேணும்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா உங்களுக்கே குடுத்திருப்பேனே" என்றார். அதைவிட அவர் கோபமாகத் திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது.

"இப்ப கேக்க முடியாது மதாம்" என்றார் இவர். பிறகு என்னைப் பார்த்தார். "கனீஸ், அட்டை எடு."

எடுத்தேன்.

"எழுது. பொட்டியில கொறை இல்ல. விக்கிறவன் ரெண்டு வருசம் பொய் சொன்னான்."

எழுதினேன். எழுதிவிட்டு அதன்கீழே, அவர் சொல்லாமலே, "எழுதினவளும்" என்று சேர்த்தேன். பழைய அட்டையை அவிழ்த்துவிட்டுப் புதியதைக் கட்டினேன்.

இரண்டாம் நாள் ஃப்ரெடெரிக் வீட்டுக்கு, கனகசெட்டிக்குளம் கிளம்பினோம். வால்வுகளைக் கழற்றி அவரே சுற்றினார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் ஆம்ப், நடுவில் அவர், இந்தப் பக்கம் முட்டை ட்ரேயோடு நான். மூன்று டிக்கெட். நான் அன்று எதுவும் சொல்லவில்லை.

ஃப்ரெடெரிக் அட்டையைப் படித்தார். திரும்பவும் படித்தார். "ரெண்டு வருசமா ஒரு ஓட்டப் பொட்டிய தூக்கிக்கினு ஓட்டல் ஓட்டலா அலஞ்சேன் பாய். சத்தம் நல்லால்லன்னு மூணு எடத்துல வேணாம்னுட்டாங்க. உங்க அட்டைய நம்பித்தான் போனேன்" என்றார். இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். என் மடியிலிருந்து ஒவ்வொரு வால்வாக எடுத்துப் பொருத்திக் கொடுத்தார்.

ஃப்ரெடெரிக் போனில் மதலேன் அம்மாவைக் கூப்பிட்டு, போனை ஆம்ப் முன்னால் சாய்த்து வைத்துவிட்டு வாசித்தார். அந்தப் பெட்டிக்குள் இவ்வளவு இருந்ததா என்று எனக்கு ஆகிவிட்டது. இவர் உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றபடி கேட்டார். முடித்துவிட்டு ஃப்ரெடெரிக், "எப்படி இருக்குது மதாம்?" என்றார்.

போனிலிருந்து, "நல்லாருக்குது" என்று வந்தது. "அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

திரும்பும் பஸ்ஸில் இவர் முதலில் ஏறினார். ஜன்னலோரத்தை விட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தார். நான் காலி முட்டை ட்ரேயோடு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்தபோது நோட்டை நீட்டி, "மூணு" என்றார். கண்டக்டர் எங்களைப் பார்த்தான், ஜன்னலோரத்தைப் பார்த்தான், மூன்று கிழித்துக் கொடுத்தான். டிக்கெட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் இவருக்கு உறைத்தது. திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முன் சீட்டுக் கம்பியைப் பார்த்தபடி வந்தார்.

காலாப்பட்டில் காலேஜ் பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறினார்கள். பை மாட்டிய பையன் ஒருவன் என் பக்கம் குனிந்து, "ஆன்ட்டி, ஜன்னல் சீட்டுக்கு ஆள் வராங்களா?" என்று கேட்டான்.

எதிரே இருந்த கம்பியை இவர் இடது கை பிடித்திருந்தது. மூன்று விரல் மட்டும் அழுந்தியிருந்தது.

"ஆளு இருக்குதுப்பா" என்றேன். "டிக்கெட் எடுத்திருக்கோம்."